அதிகாரம் 5: வகுப்புக்கு ஒரு கணக்கு போதும்

கேமரன் மலையில் கோலா தெர்லாப் பக்கத்துப் பள்ளி ஒன்று காலை பத்து மணிக்கு நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு இணையத்தில் ஒரு பயிற்சி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நேரத்தில் வீட்டுக் கைப்பேசி எங்கே இருக்கும்? தேயிலைச் சரிவில் அம்மாவின் சட்டைப்பையில் இருக்கும். இல்லையென்றால் சிம்பாங் பூலாய் இறக்கத்தில், காய்கறி ஏற்றிய லாரியில் அப்பாவோடு போய்க்கொண்டிருக்கும். இருவரும் வீடு திரும்பி, குளித்து, சாப்பிட்டு முடித்த பிறகுதான் கைப்பேசி பிள்ளைகள் பக்கம் வரும். அப்போதும் இடைநிலைப்பள்ளியில் படிக்கும் அக்காவுக்குத்தான் முதல் முறை. நான்காம் ஆண்டுக்காரனுக்குக் கிடைப்பது தூங்கப் போகும் முன் கால் மணி நேரம், அதுவும் மின்கலம் மிச்சமிருந்தால்.

சமூக ஊடகத்தைப் பாடத்துக்குப் பயன்படுத்தச் சொல்லும் கையேடுகள் பல, பிள்ளை ஒவ்வொன்றுக்கும் ஒரு கருவி, ஒரு கணக்கு, ஒரு மேசை இருப்பதாக நினைத்து எழுதப்பட்டவை. மலைமேல் அந்த நினைப்பு செல்லாது. செல்லாதது நல்லதுக்கும்தான். ஆரம்பப்பள்ளிப் பிள்ளைக்குச் சொந்தமாகச் சமூக ஊடகக் கணக்கு தேவையில்லை. வகுப்புக்கு ஒரு கணக்கு இருந்தால் போதும். அதன் சாவி ஆசிரியரிடம் இருக்கட்டும். கேட்கவும், சரிபார்க்கவும், நாலு பேர் படிக்கும் இடத்தில் பொறுப்போடு எழுதவும் பிள்ளைகள் அதன்வழி பழகட்டும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்த அதிகாரம்.

வந்து போன தளங்கள்

எந்தத் தளத்தையும் நம்பி இறங்கும் முன் நம் நாட்டின் சொந்த அனுபவத்தைப் பார்த்துவிடுவது நல்லது. 2011-இல் கையெழுத்தான 1பெஸ்தாரிநெட் திட்டத்தின் மதிப்பு ஏறக்குறைய 4 பில்லியன் ரிங்கிட். பத்தாயிரம் பள்ளிகளுக்கு இணையமும் ஃபுரோக் வி.எல்.இ என்ற கற்றல் தளமும் அதன்வழி வந்தன. பயன்பாடு மிகக் குறைவு என்று தலைமைக் கணக்காய்வாளர் அறிக்கையே குறை சொன்னது. 2019 ஜூலையில் கல்வி அமைச்சு அதைக் கைவிட்டு கூகல் கிளாஸ்ரூமுக்கு மாறியது. ஆசிரியர்கள் இரவு கண்விழித்து ஏற்றிய பயிற்சிகளும் புதிர்களும் பழைய தளத்தோடு நின்றன. முகநூல் போலவே தோற்றமளித்ததால் ஆசிரியர்கள் விரும்பிப் பயன்படுத்திய எட்மோடோவும் 2022 செப்டம்பரில் கடையை மூடியது.

இதில் பிள்ளைகள் தவறு எதுவும் இல்லை, ஆசிரியர்கள் தவறும் அதிகமில்லை. தளம் கட்டிக் கொடுத்தவர்கள் மலை வீட்டில் கைப்பேசி எத்தனை மணிக்குப் பிள்ளை கைக்கு வருகிறது என்று கேட்கவில்லை. உங்களுக்கான பாடம் எளிது. எதைத் தயாரித்தாலும் அதன் நகல் ஒன்று பள்ளிக் கணினியிலோ விரலியிலோ இருக்கட்டும். தளம் போனாலும் பாடம் மிஞ்சும்.

2020 மார்ச் 18-இல் கோவிட் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியபோது நாடு முழுக்க வகுப்புகளைத் தாங்கிப் பிடித்தவை வாட்ஸ்அப் என்னும் புலனமும் டெலிகிராமும்தான். பெற்றோர் கையில் ஏற்கனவே இருந்த கருவியில், ஏற்கனவே பழகியிருந்த செயலிகள் அவை. அதே ஆண்டு ஜூன் 15-இல் கல்வி அமைச்சின் டெலிமா தளம் வந்தது. கூகல், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் மூன்றின் கருவிகளும் அதற்குள் இருக்கின்றன. ஒவ்வொரு மாணவருக்கும் அமைச்சே ஓர் அடையாள முகவரி கொடுத்திருக்கிறது. அந்த ஜூனில்தான் சபாவில் ஒரு பல்கலைக்கழக மாணவி இணையத் தேர்வு எழுத மரத்தின் மேல் ஏறி இரவு தங்கிய காணொளி நாடெங்கும் பரவியது. அதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு, சந்தேகப்பட்டவர்களும் உண்டு. மலைத்தோட்டத்தில் அலைவரிசைக்காகக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேட்டுக்கு ஏறிய யாருக்கும் அதில் சந்தேகப்பட ஒன்றுமிருக்கவில்லை.

எதை எங்கே வைப்பது

மூன்று இடங்கள், மூன்று வேலைகள். இவற்றைக் கலந்தால்தான் சிக்கல் வருகிறது.

பாடம் டெலிமாவுக்குள் இருக்கட்டும். அது மூடிய வீடு. வெளியார் நுழைய முடியாது, விளம்பரம் வராது, பிள்ளையின் வயது பற்றிப் பொய் சொல்ல வேண்டியதும் இல்லை. இன்ஸ்டாகிராம், டிக்டாக், முகநூல், புலனம் எல்லாவற்றுக்கும் அந்நிறுவனங்களே வைத்திருக்கும் குறைந்த வயது 13. ஆறாம் ஆண்டு மாணவனுக்கு 12 வயது. ஆக ஆரம்பப்பள்ளிப் பிள்ளை ஒருவன் இவற்றில் கணக்கு வைத்திருக்கிறான் என்றால் பிறந்த ஆண்டை யாரோ மாற்றிப் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். குடிமைப் பண்பு கற்பிக்கப் புறப்பட்டு, முதல் படியிலேயே பொய்ப் பதிவு செய்யச் சொல்லிக் கொடுப்பதா?

தகவல் புலனத்தில் போகட்டும். ஆனால் அது பெற்றோருக்கான குழு, பிள்ளைகளுக்கானது அன்று. முகநூல் பக்கம் ஊருக்கானது. பள்ளி தன் பெயரில் பொதுவில் பேசும் இடம் அது. வகுப்புக் கணக்கு என்று மேலே சொன்னது இந்தப் பள்ளிப் பக்கத்தில் உங்கள் வகுப்புக்குக் கிடைக்கும் இடத்தைத்தான். தனிப் பக்கம் திறக்க வேண்டியதில்லை. தலைமையாசிரியருக்குத் தெரியாமல் எதையும் திறக்கவும் கூடாது. மாணவர்கள் பள்ளிக்குக் கைப்பேசி கொண்டு வரக்கூடாது என்ற விதி இருப்பதால், வகுப்பு நேரத்தில் நடக்கும் இணைய வேலை எல்லாம் பள்ளிக் கணினியிலும் திரைவீழ்த்தியிலும்தான். முப்பது பேரும் ஒரே திரையைப் பார்த்து, ஒரே வாக்கியத்தைப் பற்றிச் சண்டை போடுவது தனித்தனித் திரையில் மௌனமாக விரலை ஓட்டுவதைவிட நல்ல வகுப்பு என்பது என் கட்சி.

பெற்றோர் குழு

இதைச் சரியாக அமைத்தால் பாதி வேலை முடிந்தது.

ஒரு வகுப்புக்கு ஒரே குழு. வகுப்பாசிரியர், இன்னோர் ஆசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கத்திலிருந்து ஒருவர் என மூவர் நிர்வாகிகள். ஆசிரியர் மாற்றலாகிப் போனாலும் குழு அநாதையாகாது. அறிவிப்புக்கு ஒரு குழு, பேச்சுக்கு ஒரு குழு என்று இரண்டாகப் பிரிக்கச் சிலர் சொல்வார்கள். சின்னப் பள்ளியில் அது தேவைப்படாது. நிர்வாகிகள் மட்டும் எழுதும்படி குழுவைப் பூட்டி, மாலை ஏழு முதல் ஒன்பது வரை எல்லோருக்கும் திறந்துவிட்டாலே போதும். ‘காலை வணக்கம்’ பூப்படங்களுக்கு இடையே சுற்றுலா அனுமதிக் கடிதம் காணாமல் போகாது.

அறிவிப்பை எழுத்தோடு குரலிலும் போடுங்கள். வேலை முடிந்து கை விறைத்து வரும் அம்மாவுக்கு நீண்ட செய்தியை வாசிப்பதைவிட அடுப்படியில் வைத்துக் கேட்பது எளிது. தாத்தா பாட்டிதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் குரல்பதிவு ஒன்றுதான் அவர்களை எட்டும். காணொளி வேண்டாம். அது டேட்டாவைத் தின்னும். குரல்பதிவு ஒரு நிமிடத்துக்குள் இருக்கட்டும். இப்படி:

“வணக்கம்மா, வணக்கம்ங்க. நாலாம் ஆண்டு டீச்சர் பேசுறேன். இன்னிக்குக் கணக்குல பின்னம் ஆரம்பிச்சிருக்கோம். வீட்டுல ஒரு ரொட்டிய நாலாப் பிரிச்சு, ‘கால்னா எது, முக்கால்னா எது’ன்னு பிள்ளையக் கேளுங்க. அது போதும். பயிற்சி டெலிமாவுல இருக்கு, வெள்ளிக்கிழமை வரைக்கும் நேரம் இருக்கு. கைப்பேசி இல்லாதவங்க தாள் வாங்கிக்கலாம், அதுவும் ஒண்ணுதான்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். இணையத்தில் செய்தவனுக்கும் தாளில் செய்தவனுக்கும் ஒரே மதிப்பு என்று வாய்விட்டுச் சொன்னால்தான், கருவி இல்லாத வீட்டுப் பிள்ளை மறுநாள் வயிற்றுவலி என்று படுத்துக்கொள்ளாது. கெடு எப்போதும் பல நாள் இருக்கட்டும். ‘இன்றிரவுக்குள்’ என்ற சொல் ஒரே கைப்பேசியில் மூன்று பிள்ளைகள் இருக்கும் வீட்டில் சண்டையைத்தான் மூட்டும்.

குழுவுக்கான விதியைத் தவணையின் முதல் கூட்டத்தில் பெற்றோரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள். எழுதி ஒட்டும் விதி நான்கைந்துக்கு மேல் வேண்டாம். பிள்ளைகளின் மதிப்பெண்ணைக் குழுவில் போடுவதில்லை. பிற பிள்ளையைப் பற்றிய புகார் குழுவில் இல்லை, ஆசிரியரிடம் நேரில். அரசியல், விற்பனை, நேர்த்திக்கடன் சங்கிலிச் செய்தி எதுவும் இல்லை. இரவு ஒன்பதுக்கு மேல் ஆசிரியரும் மனிதர். இவ்வளவுதான். விதியை மீறியவரைக் குழுவில் வைத்துத் திட்டாதீர்கள், தனியே அழைத்துப் பேசுங்கள். தோட்டத்தில் எல்லோரும் எல்லோருக்கும் உறவு. ஒருவரை எல்லோர் முன்னும் கண்டித்தால் நாலு வீடு உங்களோடு பேசாமல் போகும்.

சாலை சரிந்துவிட்டதாம்

குடிமைக் கல்வியை நன்னெறிப் பாடநூலின் பொதுவான வாக்கியங்களில் தொடங்க வேண்டாம். நம் மலைக்கு அதைவிட நல்ல பாடம் கையிலேயே இருக்கிறது. மழைக்காலத்தில் எந்தக் கைப்பேசிக்கும் வரக்கூடிய ஒரு செய்தியை நீங்களே எழுதித் திரையில் காட்டுங்கள்:

“அவசரம்!! கோலா தெர்லா – திரிங்காப் ரோடு மொத்தமா சரிஞ்சிருச்சு. பஸ் ஓடாது. நாளைக்கு எல்லா ஸ்கூலும் லீவு. உடனே எல்லாருக்கும் அனுப்புங்க.”

‘இது உண்மையா பொய்யா?’ என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் வகுப்பு கை தூக்கி ஓட்டுப் போடும், அவ்வளவுதான். ‘இதில் எத்தனை செய்தி இருக்கிறது?’ என்று கேளுங்கள். பிள்ளைகள் பிரித்துச் சொல்வார்கள். சாலை சரிந்தது ஒன்று, பேருந்து ஓடாது இன்னொன்று, பள்ளி விடுமுறை மூன்றாவது. அடுத்த கேள்வி, ‘ஒவ்வொன்றும் யாருக்குத் தெரியும்?’ சாலை பற்றிப் பொதுப்பணி இலாகாவுக்கும் போலீசுக்கும் தெரியும். அதற்கும் முன்னால், அந்த வளைவுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் மாமாவுக்குத் தெரியும். பேருந்து பற்றி ஓட்டுநருக்குத் தெரியும். விடுமுறை பற்றித் தலைமையாசிரியருக்கும் கல்வி இலாகாவுக்கும் தெரியும். செய்தி அனுப்பியவருக்கு மூன்றும் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. இந்த இடத்தில் வகுப்பு தானாகவே அமைதியாகும், கவனித்துப் பாருங்கள்.

பிறகு செய்தியில் இல்லாதவற்றைத் தேடச் சொல்லுங்கள். தேதி இல்லை, மணி இல்லை, பெயர் இல்லை. ‘நாளைக்கு’ என்றால் எந்த நாளுக்கு அடுத்த நாள்? போன வருடத்துச் செய்தியாகவும் இருக்கலாமே. பலமுறை பகிரப்பட்டது என்பதைக் காட்டப் புலனம் இரட்டை அம்புக்குறி போடுகிறது. அப்படிப்பட்ட செய்தியை 2020 ஏப்ரல் முதல் ஒரு நேரத்தில் ஓர் உரையாடலுக்கு மட்டுமே தள்ளிவிட முடியும். அந்தக் குறியைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அது பொய் என்பதற்கு அடையாளம் இல்லை. எழுதியவர் நமக்கு அனுப்பியவர் இல்லை என்பதற்கு மட்டுமே அடையாளம்.

படத்துக்கும் இதே பயிற்சி உண்டு. 2013 அக்டோபரில் ரிங்லெட் அணை நீர் திறந்துவிடப்பட்டு பெர்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்ச்சேதம் ஏற்பட்டது. அந்நாளைய செய்திப் படம் ஒன்றைத் தேதி இல்லாமல் காட்டி, ‘இது நேற்று எடுத்தது என்று ஒருவர் சொல்கிறார், எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?’ என்று கேளுங்கள். கூகல் லென்சில் படத்தைக் கொடுத்தால் பழைய செய்திகள் வரிசையாக வந்து நிற்கும். நாடளாவிய வதந்திகளுக்கு மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம் 2017-இல் தொடங்கிய செபெனார்ஞா தளம் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் வந்த ஐஃபா என்ற உரையாடி புலனத்திலேயே தமிழிலும் பதில் சொல்கிறது. ஆனால் திரிங்காப் வளைவில் மண் விழுந்ததா என்று கோலாலம்பூரில் இருக்கும் எந்த உரையாடிக்கும் தெரியாது. ஊர்ச் செய்திக்கு ஊர்ச் சாட்சிதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘வந்ததை அனுப்பாதே’ என்று மட்டும் சொல்லி வகுப்பை முடித்துவிடாதீர்கள். சமவெளிப் பள்ளிக்கு அது பொருந்தலாம். இந்த மலையில் நிலச்சரிவு கட்டுக்கதை இல்லை. 2011 ஆகஸ்டு 7-இல் சுங்கை ருயில் பூர்வகுடிக் கிராமத்தில் ஏழு பேர் மண்ணுக்குள் போனார்கள். 2024 ஜனவரி 26 அதிகாலையில் நமக்குப் பக்கத்துப் புளூ வேலியில் ஐந்து மியன்மார்த் தொழிலாளர்கள் இறந்தார்கள். உண்மையான எச்சரிக்கை வேகமாகப் போயாக வேண்டும். எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையும் ஆபத்துத்தான். ஆகவே பயிற்சியின் முடிவில் பிள்ளைகள் ஒரு நல்ல எச்சரிக்கையை எழுத வேண்டும்:

“இன்று வியாழன், மாலை 6.10. கோலா தெர்லா கடைத்தெருவுக்கு மேலே உள்ள வளைவில் மண் சரிந்திருக்கிறது. ஒரு பக்கம் வண்டி போகிறது. அங்கே குடியிருக்கும் என் மாமா நேரில் பார்த்துச் சொன்னார். பள்ளி பற்றி இன்னும் தெரியாது, தலைமையாசிரியர் சொன்னதும் எழுதுகிறேன்.”

தெரிந்ததைத் தெரிந்த அளவுக்கு, தெரியாததைத் தெரியாது என்று, நேரம் போட்டு, பெயரோடு எழுதுவது. பெரியவர்கள் பலருக்கே இது கைவரவில்லை.

இன்னொரு கேள்வியும் கேளுங்கள். நம் குழுவில் இல்லாத அண்டை வீட்டார் யார்? தோட்டத்திலும் காய்கறிப் பண்ணையிலும் வேலை செய்யும் வங்காளதேசி, நேப்பாளி, மியன்மார்க்காரர், ஆற்றோரத்துச் செமாய் பூர்வகுடிக் குடும்பம் எல்லாரும் அதே சரிவின் அடியில்தான் தூங்குகிறார்கள். தமிழில் போட்ட எச்சரிக்கை அவர்களை எப்படிச் சேரும்? ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் இதற்குச் சொல்லும் விடைகள் நம்மைவிட நேரானவை. ‘ஓடிப் போய்க் கதவைத் தட்டலாம் டீச்சர்’ என்பார்கள். ‘மலாயில் ஒரு வரி சேர்க்கலாம்’ என்பார்கள். இரண்டும் சரி.

பொதுவில் எழுதுதல்

வகுப்பிலிருந்து தவணைக்கு ஒரே ஒரு பொது வேண்டுகோள் போகட்டும். அதற்கு மேல் வேண்டாம், தரம் போய்விடும். ஊரில் உண்மையில் இருக்கும் சிறு சிக்கல் ஒன்றைப் பிள்ளைகள் தேர்ந்தெடுக்கட்டும்.

முதலில் எழுதும்போது இப்படித்தான் வரும்: “எங்க ஸ்கூல் பின்னால ஒரே குப்பை. யாருமே கண்டுக்கிறதில்ல. அவங்க தூங்குறாங்க.” இதைக் கிழித்துப் போடாதீர்கள். கோபம் நியாயமானது. திரையில் வைத்துக் கேள்வி கேளுங்கள். எந்த இடம்? எந்த நாள்? யார் பார்த்தது? ‘அவங்க’ யார்? என்ன வேண்டும்? பிள்ளைகள் ஒரு வாரம் காலையில் போய்ப் பார்த்துக் குறிப்பெடுத்த பிறகு அதே செய்தி இப்படி மாறும்:

“எங்கள் பள்ளிப் பின்வாசல் அருகே உள்ள குப்பைத் தொட்டி இந்த வாரம் திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் காலை 7.15-க்கு நிரம்பி வழிந்தது. நாய்கள் பைகளைக் கிழிப்பதால் குப்பை கால்வாயில் விழுகிறது. வாரத்தில் எத்தனை முறை குப்பை எடுக்கப்படுகிறது என்று தெரிவிக்க வேண்டுகிறோம். இன்னொரு தொட்டி வைக்க முடியுமா? ஐந்தாம் ஆண்டு மாணவர்கள்.”

‘அவங்க யார்’ என்ற கேள்விக்குள்தான் குடிமைப் பாடம் முழுக்க ஒளிந்திருக்கிறது. பகாங்கில் குப்பை எடுப்பது திடக்கழிவு, பொதுத் துப்புரவு நிர்வாகக் கழகத்தின் (SWCorp) பொறுப்பு. ஊர்க் கால்வாய் கேமரன் மலை மாவட்ட மன்றத்துடையது. கம்போங் ராஜாவுக்குப் போகும் 59-ஆம் எண் கூட்டரசுச் சாலை பொதுப்பணி இலாகாவுடையது. குடிநீர் பகாங் நீர் நிர்வாக நிறுவனம். மின்சாரம் தெனாகா நேஷனல். தோட்டத்து லயன் வீட்டுக் கூரை ஒழுகினால் இவர்கள் யாரும் இல்லை, தோட்ட நிர்வாகம்தான். தொழிலாளர் வீடுகளுக்கான குறைந்தபட்சத் தரத்துக்கென்று 1990-ஆம் ஆண்டிலிருந்தே 446-ஆவது சட்டம் இருக்கிறது. தோட்டத்தில் மூன்று தலைமுறை வாழ்ந்தும் எந்தக் குறைக்கு எந்தக் கதவைத் தட்டுவது என்று தெரியாமல் எல்லாவற்றுக்கும் ‘தலைவரை’த் தேடிப் போன பழக்கம் நமக்கு உண்டு. பதினொரு வயதில் இந்தப் பட்டியல் மனப்பாடமானால் அந்தப் பழக்கம் போகும்.

வேண்டுகோளை மலாயில் எழுதுவதை மலாய் ஆசிரியரிடம் கொடுங்கள், அவர் வகுப்புக்கும் அது நல்ல கட்டுரைப் பயிற்சி. முதலில் கடிதமாக அனுப்புங்கள். பதிலுக்கு நியாயமான அவகாசம் கொடுங்கள். அதன் பிறகே பள்ளிப் பக்கத்தில் போடுங்கள். தொட்டி வந்தால் நன்றி சொல்லி இன்னொரு பதிவு கட்டாயம். வராவிட்டால் பணிவாக நினைவூட்டல். கேட்டதும் கிடைக்கும் என்று பிள்ளைகளிடம் வாக்குக் கொடுக்காதீர்கள்.

பதிவுக்குக் கீழே வரும் பின்னூட்டங்களை வகுப்பில் காட்டும் முன் நீங்கள் தனியே படித்துவிடுங்கள். கட்சிக்காரர் சிலர் பிள்ளைகளின் குப்பைத் தொட்டியைத் தங்கள் மேடையாக்கப் பார்ப்பார்கள். அப்படிப்பட்ட பின்னூட்டங்களை நீக்குவதற்குத் தயங்க வேண்டாம்.

முகமும் பெயரும்

பள்ளிப் பக்கத்தில் பிள்ளைகளின் முகம் தேவையில்லை. எழுதும் கை, வரைந்த படம், நட்ட செடி, முதுகுப்புறம் தெரியும் வரிசை போதும். சீருடையில் பெயர்ப்பட்டை இருக்கிறது, படத்தைப் பெரிதாக்கினால் பெயரையும் பள்ளியையும் யாரும் படித்துவிடலாம் என்பது படம் எடுக்கும் அவசரத்தில் மறந்துபோகும். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அரசாங்கத்தைக் கட்டுப்படுத்தாது. ஆகவே அரசுப் பள்ளி தன் வேலியைத் தானே போட்டுக்கொள்ள வேண்டும். முகம் வரும் படம் தேவைப்பட்டால் பெற்றோரின் எழுத்து அனுமதி, பிள்ளையின் வாய் அனுமதி இரண்டும் வாங்குங்கள். பிள்ளை ‘வேண்டாம்’ என்றால் வேண்டாம்தான். உதவிப் பொருள் வாங்கும் பிள்ளையைப் பொட்டலத்தோடு நிற்க வைத்துப் படம் எடுத்துப் போடும் வழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கொடுத்தவர் பெயரைப் போடலாம், வாங்கியவன் முகத்தைப் போடக்கூடாது.

பகடிவதை பற்றிப் பேசத் தயங்கும் ஆசிரியர்கள் உண்டு. தயங்காதீர்கள். 2024 ஜூலையில் ‘ஈஷா’ என்று அறியப்பட்ட நம் சமூகத்துப் பெண், டிக்டாக்கில் பெயர் பெற்றவர், இணைய வசைகளுக்கு ஆளாகி உயிரிழந்தார். அவரைத் தூற்றியவர்களில் ஒருவருக்கு நீதிமன்றம் அன்றிருந்த சட்டப்படி விதித்த அபராதம் 100 ரிங்கிட். நாடே கொதித்தது. அதன் பிறகு தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, 2025 ஜூலை 11 முதல் இணையத்தில் துன்புறுத்துவதும் சிறைக்கு அனுப்பக்கூடிய குற்றமானது. இந்த நிகழ்வை மேல் வகுப்புப் பிள்ளைகளிடம் பரபரப்பில்லாமல், இறப்பின் விவரங்களுக்குள் போகாமல், சட்டம் எப்படி மாறியது என்ற பக்கத்திலிருந்து சொல்லுங்கள். மக்கள் எழுப்பிய குரலால் ஒரு சட்டம் மாறியதும் குடிமைப் பாடம்தான். வசை வந்தால் பதில் எழுதாதே, திரையைப் படம் பிடித்து வை, அன்றைக்கே பெரியவர் ஒருவரிடம் காட்டு என்ற மூன்றையும் பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்ல வேண்டும். 15999 என்ற தாலியான் காசே எண்ணை வகுப்பறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

இடைநிலைப்பள்ளிக்குப் போனபின்

படிவம் ஒன்றில் சேரும்போது பிள்ளைக்கு 13 வயது. நிறுவனங்களின் கதவு அப்போது திறக்கும். ஆனால் 16 வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதை 2026 முதல் தடுக்கப்போவதாக நம் அரசு 2025 நவம்பரில் அறிவித்தது. ஆஸ்திரேலியா அதே ஆண்டு டிசம்பர் 10-இல் தடையை நடப்புக்குக் கொண்டுவந்தது. இந்தப் போக்கில் எனக்குப் பாதி உடன்பாடு உண்டு. 16 வயதில் கதவு திறக்கும் நாளில் உள்ளே போவது எப்படி என்று யாரும் பழக்கியிருக்காவிட்டால், தடை வெறும் ஒத்திவைப்பாகிவிடும். வகுப்புக் கணக்கில் பழகிய பிள்ளைக்கு அந்தச் சிக்கல் குறைவு.

16-க்கும் 18-க்கும் நடுவே இரண்டே ஆண்டுகள். வாக்களிக்கும் வயதை 18 ஆக்கிய அரசமைப்புத் திருத்தத்தை மக்களவை 2019 ஜூலை 16-இல் நிறைவேற்றியது. 2021 டிசம்பர் 15 முதல் அது நடப்பில் இருக்கிறது, வாக்காளர் பதிவும் தானியங்கி. அதற்கான உண்டி18 இயக்கத்தை 2016-இல் தொடங்கியவர்கள் மாணவர்களே. இணையத்தில் குரல் எழுப்பியதோடு நிற்காமல் நாடாளுமன்ற உறுப்பினர்களைத் தேடிப் போய்ப் பேசினார்கள். ஐந்தாம் படிவ வகுப்பில் இதை ஓர் ஆய்வுப் பணியாகக் கொடுங்கள். எந்த வேலையை இணையப் பதிவு செய்தது, எந்த வேலையைக் கால் செய்தது என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். நம் தொகுதியே இன்னொரு பாடம். 2018 பொதுத்தேர்தலின் கேமரன் மலை முடிவை, வாக்காளர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதற்காகத் தேர்தல் நீதிமன்றம் ரத்து செய்தது. 2019 ஜனவரி 26 இடைத்தேர்தலில் ரம்லி முகமட் நோர் வென்று, மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பூர்வகுடியானார். கட்சி பேசாமல், நடந்தவற்றை மட்டும் வரிசைப்படுத்தச் சொன்னாலே வகுப்பு சூடாகும். அந்தச் சூட்டில் நாகரிகமாக எழுதப் பழகுவதுதான் பயிற்சி.

நேரம் இருந்தால், மலைக்கு மலை ஓர் இணைப்பு. நுவரெலியா, வால்பாறை, நீலகிரித் தமிழ்ப் பிள்ளைகளும் தேயிலைச் செடிக்கு நடுவில்தான் வளர்கிறார்கள். அங்குள்ள ஓர் ஆசிரியரைப் பிடித்துவிட்டால் மாதம் ஒரு குரல்பதிவு பரிமாறலாம். அவர்கள் நேரம் நமக்கு இரண்டரை மணி பின்னால், அதனால் நேரடி அழைப்பைவிடப் பதிவே வசதி. ‘உங்கள் தோட்டத்தில் கையால் கிள்ளுகிறார்களா, கத்தரியா, இயந்திரமா?’ என்ற ஒரே கேள்வியில் அறிவியலும் கணக்கும் வரலாறும் வந்துவிடும். பிள்ளைகளின் முழுப்பெயரும் வீட்டு விவரமும் மட்டும் பதிவில் வேண்டாம்.

இவற்றில் எதைத் தொடங்குவதானாலும் முதலில் ஒரு சிறு வேலை இருக்கிறது. பல வீடுகளில் டெலிமா கடவுச்சொல் தொலைந்து போயிருக்கும், பிள்ளைக்கும் நினைவிருக்காது. பள்ளியின் டெலிமா பொறுப்பாசிரியரிடம் சொல்லி எல்லாருக்கும் புதிதாக மாற்றி வாங்கி, தவணையின் முதல் பெற்றோர் கூட்டத்தன்று பெற்றோர் கையிலேயே கொடுத்து, அவர்கள் கைப்பேசியில் ஒருமுறை உள்ளே போகச் செய்துவிட்டு அனுப்புங்கள்.